ஆச்சி காய்ச்சிய கருப்பட்டி

சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே உள்ள தேரிக்காட்டு ஊர்களில் வயதான கிறிஸ்தவப் பெண் ஒருத்தி இறந்துபோனால், அடக்க ஆராதனையில் எந்த வேதபகுதியை வாசிப்பார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம், 10ஆம் வசனம் தொட்டுக் கடைசிவரை. குணசாலியான பெண்ணைப் பற்றிய பகுதி அது. ஐயர் வாசிப்பார் (எங்கள் பக்கம் சேகரகுருவை ஐயர் என்றுதான் சொல்வோம்). வாசித்து முடித்துவிட்டு, போனவளின் பொறுமை, அன்பு, விருந்து உபசாரம், ஜெப வாழ்க்கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் ஆச்சியை, அப்பாவின் அம்மாவை, அடக்கம் பண்ணிய அன்றும் அப்படித்தான் நடந்தது. ஐயர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆச்சி பொறுமைசாலிதான், ஜெபிக்கிறவள்தான். ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லாமலேயே அடக்கம் பண்ணிவிட்டோம் என்று எனக்குப் பட்டது.

அன்று ராத்திரி அவளுடைய பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தேன். சிறு வயதிலிருந்து காதில் விழுந்த பகுதிதான். நிதானமாகப் படித்தபோது வேறு மாதிரி இருந்தது. முக்கால்வாசி வேலையைப் பற்றிய பாட்டு அது. அந்தப் பெண் கம்பளியும் சணலும் தேடிப் போகிறாள். இருட்டோடே எழுந்து வீட்டாருக்குச் சாப்பாட்டுக்கு வழி பண்ணுகிறாள். ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள். தன் கையால் சம்பாதித்த காசில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். தன் சரக்கு நல்ல சரக்கு என்பது அவளுக்கே தெரிந்திருக்கிறது. நெய்ததை வியாபாரிகளுக்கு விற்கிறாள். ராத்திரி விளக்கை அணைப்பதில்லை. எளியவனுக்குக் கை நீட்டுவதும், நாவில் தயவு இருப்பதும், கர்த்தருக்குப் பயப்படுவதும் அதில் உண்டு. ஆனால் பொறுமை என்ற சொல் அந்த 22 வசனங்களில் ஓரிடத்திலும் இல்லை.

எபிரேய மூலத்தில் அந்த 22 வசனங்களும் அந்த மொழியின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகின்றன. நம் ஔவை ஆத்திசூடியை எழுத்து வரிசையில் கட்டியது போன்ற அமைப்பு. அதிகாரத்தின் தொடக்கமோ, லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் போதித்தது என்கிறது. ஒரு தாய் இன்னொரு பெண்ணின் கைவேலையை மகனுக்கு எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். கடைசி வசனம், அவள் செய்த வேலைகளே ஊர் கூடுகிற இடத்தில் அவளைப் புகழட்டும் என்ற பொருளில் முடிகிறது. அப்படியானால் ஆச்சியின் வேலையைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். இரக்கத்துக்குரிய வாழ்க்கையாக அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. அவள் ஒரு தொழிலை அடிமுதல் நுனிவரை அறிந்தவள். அவள் கருப்பட்டி காய்ச்சினாள்.

தாத்தா பனையேறி. மாசி பிற்பகுதியில் பாளை இடுக்கத் தொடங்கினால் ஆடி வரை ஓய்வில்லை. விடியுமுன் ஏறி, மத்தியானம் சற்று முதுகைச் சாய்த்து, சாயங்காலம் மறுபடி ஏறுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் பதநீர் என்பது பயினி. குடுவையில் பயினியைக் கொண்டுவந்து விடிலியில் இறக்கி வைப்பதோடு தாத்தாவின் வேலை முடிந்துவிடும். அங்கிருந்து ஆச்சியின் வேலை.

விடிலி என்பது பனங்காட்டுக்குள்ளேயே ஓலையால் கட்டிய குடிசை. நடுவே அடுப்பு, மேலே அகன்ற தாச்சி, ஒரு மூலையில் அடுக்கிய மட்டையும் உடைமுள் விறகும், மறு மூலையில் கழுவிக் கவிழ்த்த சிரட்டைகள். பயினி வந்து இறங்கியதும் ஆச்சி ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். சுண்ணாம்பு குறைந்திருந்தால் புளிப்புத் தட்டும், எவ்வளவு காய்ச்சினாலும் உறையாது. கூடியிருந்தால் கருத்து, உவர்த்துப் போகும். "இன்னைக்கு சுண்ணாம்பு பத்தல, சாயங்காலம் பார்த்துத் தடவுங்க" என்று அவள் சொன்னால் தாத்தா மறுபேச்சு பேசமாட்டார். மரத்தின் மேலே நடந்ததைக் கீழே உட்கார்ந்தபடி நாக்கால் கண்டுபிடிக்கிறவளிடம் என்ன மறுத்துப் பேச முடியும்?

அப்புறம் பன்னாடையில் வடிகட்டுவாள். தேனீயும் எறும்பும் பாளைத் தூசும் அதில் தங்கிவிடும். தாச்சியில் ஊற்றி, முதல் ஒரு மணி நேரத்துக்குத் தீயைச் சடசடவென்று எரியவிடுவாள். அழுக்கு நுரை மேலே ஒதுங்கும். அகப்பையால் வழித்து வெளியே வீசுவாள். பால் நிறத்திலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வரும்போது பயினி பொங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் விடிலிக்குள் சிறு பிள்ளைகள் நிற்கக் கூடாது. "ஏல, அங்ஙன நிக்காத, பொங்கிரும்" என்று என்னை எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறாள். பொங்கி வழியப் போகிற தறுவாயில் இரண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள். நுரை அப்படியே அடங்கிவிடும். அத்தனை பெரிய தாச்சி, அவ்வளவு ஆவேசம், இரண்டு முத்தில் அடங்கிப்போவதைச் சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த கட்டத்தில்தான் அவளுடைய உண்மையான வித்தை. பயினி இறுகிக் கூழ் போன்ற கூப்பனியாகும். ஒரு மட்டையை இழுத்து வெளியே போட்டுத் தீயைத் தணிப்பாள். குமிழிகள் பெரிதாகி, ஒவ்வொன்றும் கனத்த சத்தத்தோடு உடையும். ஆச்சி தாச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரட்டைகளைத் தண்ணீரில் நனைத்து மணலில் வரிசையாகப் பதித்துக்கொண்டிருப்பாள். சட்டென்று எழுந்து வருவாள். அவளை எழுப்பியது அந்தக் குமிழிச் சத்தம். அகப்பையில் எடுத்துத் தண்ணீர் வைத்த சிரட்டையில் ஒரு சொட்டு விட்டு, விரலுக்கு நடுவே உருட்டுவாள். உருண்டு நின்றால் பதம். கையில் இழுபட்டால் இன்னும் வேகவேண்டும். சற்று முந்தி இறக்கினால் கருப்பட்டி பத்து நாளில் இளகிக் கசியும். சற்றுப் பிந்தினால் காந்தல் அடிக்கும், யாரும் வாங்கமாட்டார்கள். இந்த முந்தலுக்கும் பிந்தலுக்கும் நடுவே கிடைப்பது ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட இல்லை.

இறக்கிய பிறகு துடுப்பால் ஒரே திசையில் கிண்டுவாள். ஓரத்தில் பூத்துக்கொண்டு வரும்போது சிரட்டைகளில் ஊற்றுவாள். ஆறியதும் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினால், சிரட்டையின் கண்கூட அச்சாகப் பதிந்த கருப்பட்டி கையில் விழும். பத்து லிட்டர் பயினியைக் காய்ச்சினால் ஒன்று ஒன்றரைக் கிலோ மிஞ்சும். மிச்சமெல்லாம் ஆவி. அந்த ஆவியும் புகையும் அவள் கண்ணில்தான் போய் நின்றன; அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனி, ஆடியில் தேரிக்காட்டில் காற்று எழும்பும். செம்மணலை அள்ளிக்கொண்டு வந்து எல்லாவற்றின் மேலும் இறைக்கும். குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அந்த மாதங்களில் ஆச்சி காற்று வரும் பக்கம் பார்த்து ஓலைத் தட்டியை மாற்றி மாற்றிக் கட்டுவாள். கடல்காற்றில் ஈரம் கூடிய நாளில் பதத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி எடுப்பாள். எவ்வளவு தள்ளி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்து முடிவுபண்ணுவாள்.

இதையெல்லாம் செய்தவள் பக்தியுள்ள பெண். அந்தப் பக்தி எங்கே இருந்தது என்று யோசித்தால், அதுவும் இந்த அடுப்படியில்தான் இருந்தது. அடுப்பில் தீ வைக்குமுன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பாள். உதடு மட்டும் அசையும். தாத்தா மரத்தில் இருக்கிற நேரம் அது. பனையேறியின் வீட்டில் அந்த ஜெபத்துக்கு விளக்கம் தேவையில்லை.

பயினிக் காலத்தின் தொடக்கமும் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களும் எப்போதும் ஒன்றாகவே வரும். வருஷத்திலேயே உடம்பு அதிகமாக நோகிற நாட்களில்தான் திருச்சபை உபவாசம் சொல்லியிருக்கிறது. ஆச்சி மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். ஆனால் பயினியை நாக்கில் வைத்துப் பார்க்காமல் வேலை நடக்காதே? வைத்துப் பார்ப்பாள், சுண்ணாம்பு சரியா என்று தெரிந்துகொள்வாள், ஓரமாகப் போய்த் துப்பிவிடுவாள். நாள் முழுவதும் இனிப்பு மணக்கிற குடிசைக்குள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, இனிப்பை நாக்கில் வாங்கித் துப்பிய அந்தப் பெண்ணின் விரதத்தைப் போல ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. தொழிலையும் குறைக்கவில்லை, விரதத்தையும் குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சங்கடம். பாளையைத் தினமும் சீவ வேண்டும், ஒரு நாள் விட்டால் காய்ந்து ஊற்று அடைத்துவிடும். ஓய்வுநாளில் மரம் ஏறலாமா, அடுப்பு எரிக்கலாமா என்ற பேச்சு எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஒரு ஐயர் வீடு சந்திக்க வந்தபோது இதைக் கேட்டுவிட்டார். ஆச்சி எழுந்து நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மரம் ஞாயித்துக்கிழமைன்னு பார்க்குமா ஐயா? ஆண்டவர் குடுக்கத மண்ணுல ஊத்தச் சொல்லுதீங்களா?" என்று கேட்டாள். மரியாதையான குரலில்தான் கேட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சிய கருப்பட்டியை அவள் வீட்டுச் சரக்கோடு ஒருநாளும் சேர்த்ததில்லை. அதற்கென்று தனி ஓலைப்பெட்டி. அது கோயிலுக்கு. காலை ஆராதனைக்கு முதல் மணி அடிக்குமுன் அடுப்பை அணைத்து, குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, ஈரத்தலையோடு போய்ப் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். தலையில் புகைவாசம் போயிருக்காது. அந்தக் காலை ஆராதனையில் பாதிப் பெண்கள் தலையிலும் அந்த வாசம்தான்.

கைப்பிடி அரிசியை எழுதாமல் விட முடியாது. சோற்றுக்கு அரிசி அளந்து போடும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறொரு பானையில் போடுவார்கள். மாதம் ஒரு தடவை பெண்கள் சங்கத்தார் வந்து வாங்கிப் போவார்கள். உபதேசியாருக்கு, கோயில் பிள்ளைக்கு, ஊரில் ஆதரவில்லாத கிழவிக்கு அது போகும். சோளக்கஞ்சியும் கிழங்கும் தின்று, அரிசியே அபூர்வமாக வீட்டுக்குள் வந்த காலத்திலும் அந்தப் பானை காலியாக இருந்ததில்லை என்று அப்பா சொல்லுவார். பிள்ளைகளுக்குப் பசிக்கும்போது அந்தப் பானையைத் திறக்கலாமா என்று ஒருநாள் அத்தை கேட்டதற்கு, "அது நம்ம அரிசி இல்ல மக்கா" என்றாளாம்.

எங்கள் வட்டாரத்து ஊர்களே இப்படிப் பிடிப்பிடியாகச் சேர்த்துக் கட்டப்பட்டவை. 1799இல் உருவான முதலூர், 1841இல் மிஷனரி கால்டுவெல் வந்து தங்கி 1880இல் ஆலயப் பிரதிஷ்டை கண்ட இடையன்குடி, 192 அடி உயரக் கோபுரம் கொண்ட மெய்ஞ்ஞானபுரம். மூன்றும் பனங்காட்டுக்கு நடுவே எழும்பியவை. கருப்பட்டியும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய காலம் அது. மிஷனரிமார் பெயர்கள் கல்லில் இருக்கின்றன, இருக்க வேண்டியவைதான். அந்த ஆலயங்களுக்குள் உட்காரும்போது, காணிக்கைப் பையில் போடக் காசு இல்லாமல் கருப்பட்டியாகவும் ஓலைப்பெட்டியாகவும் கொண்டுவந்து வைத்த பெண்களும் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

காணிக்கையாக வந்த பொருட்களை ஆராதனை முடிந்ததும் கோயில் வெளியில் ஏலம் போடுவார்கள். சேவல், பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, முட்டை, கருப்பட்டி. முதல் காய்ச்சலில் எடுத்த கருப்பட்டியை ஆச்சி குருத்தோலை ஞாயிறு அன்றைக்குக் கொண்டுபோய் வைப்பாள். ஏலம் கூறுகிறவர் அதைக் கையில் தூக்கிக் காட்டினாலே போதும், யார் வைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. "இது அவ கை" என்பார்கள். விலை ஏறிக்கொண்டே போகும். உடன்குடியில் கடை வைத்திருந்த ஒருவர், ஊருக்கு வந்திருந்தால் எப்பாடுபட்டாவது அதைத் தன் பெயருக்கு முடித்துக்கொண்டுதான் போவார். கருப்பட்டியிலேயே பிறந்து வளர்ந்த வியாபாரி அவர். அவர் கொடுத்த விலை காணிக்கைக்காக மட்டும் கொடுத்தது இல்லை, சரக்கு தெரிந்து கொடுத்தது. ஆச்சி அந்த நேரத்தில் பெண்களுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருப்பாள். முகத்தில் ஒரு சிவப்பு ஓடும். நீதிமொழிகளின் அந்தக் கடைசி வசனம் கேட்பது இதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஊர் கூடின இடத்தில், அவள் வாயைத் திறக்காமல், அவள் செய்த பொருள் பேசியது. அவளுடைய அடக்கத்தின்போது அந்த ஏலத்தை நினைத்துப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

அவள் கணக்குத் தெரிந்தவள். எழுத்து அதிகம் வராது. ஞாயிறு பள்ளியில் கற்ற எழுத்தை வைத்து வேதாகமத்தை விரல் வைத்து வாசிப்பாள். ஆனால் பயினிக் காலத்தில் கருப்பட்டி மலிந்து கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கினால் விலை ஏறும் என்பது அவளுக்குத் தெரியும். அது எல்லாப் பனையேறி வீட்டுக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் வைத்திருந்து விற்க முடியாது, ஏனென்றால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். காய்ச்சக் காய்ச்ச அவர் சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஆச்சி அந்த முன்பணத்தை வீட்டுக்குள் வரவிடவில்லை. பனை ஓய்ந்த மாதங்களில் பெட்டி, கடகம், சுளகு என்று முடைந்து சந்தைக்கு அனுப்பினாள். கிழங்கு போட்டாள். அந்தக் காசில் பஞ்ச மாதங்களை ஓட்டிவிட்டால் கருப்பட்டியைத் தொடாமல் வைத்திருக்கலாம். அடுப்படிக்கு மேலே பரணில், ஈரம் ஏறாதபடி புகைபடும் இடத்தில், ஓலைப்பெட்டிகளில் அடுக்கி வைப்பாள். மழைக்காலத்தில்தான் பெட்டி இறங்கும்.

அப்படி மிஞ்சிய காசில்தான் அத்தை பாளையங்கோட்டை சாராள் தக்கரில் ஆசிரியப் பயிற்சி படித்தாள். அந்த நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்த சாராள் தக்கர் இங்கிலாந்தில் வாழ்ந்த, உடல்நலமற்ற ஒரு பெண். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தான் பார்த்திராத ஊரின் பெண்பிள்ளைகளுக்காகக் காசு சேர்த்தவர். ஆச்சிக்கு அந்தக் கதை தெரியும். அத்தை அங்கே சேர்ந்த அன்றைக்கு, அந்த அம்மாவுக்காக ஒரு ஜெபம் பண்ணினாளாம். பாட்டத்துக்கு எடுத்து ஏறிய மரங்களில் கொஞ்சத்தை விலைக்கு வாங்கியதும் அந்தக் காசில்தான். அந்த நிலத்தை நடந்து பார்த்து, மரத்தைத் தட்டிப் பார்த்து, எந்த மரம் ஆண், எந்த மரம் பெண், எதற்கு இன்னும் எத்தனை வருஷம் ஊற்று உண்டு என்று தாத்தாவோடு பேசி முடிவுபண்ணியவள் அவள். பத்திரம் தாத்தா பேரில்.

சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் பெருகியபோது அவளுக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சீனிப்பாகைச் சேர்த்தால் பாதி நேரத்தில் வேலை முடியும், எடை கூடும், பார்க்கவும் ஒரே சீராக இருக்கும். வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, விலையும் ஒன்றுதான். ஒரு வியாபாரி மூட்டைச் சீனியை இறக்கி வைத்துவிட்டுக் காய்ச்சித் தரச் சொன்னார். ஆச்சி மூட்டையை அவிழ்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் வந்தபோது அது இறக்கின இடத்திலேயே இருந்தது. அந்த வருஷம் வீட்டில் நல்ல கஷ்டம் என்று சித்தி சொல்லுவாள். ஜெபக்கூட்டத்தில் எத்தனை மணி நேரம் முழங்காலில் நின்றாள் என்பதைவிட, இந்தச் சீனி மூட்டையைத்தான் அவளுடைய பக்திக்குச் சாட்சியாக நான் நினைத்துக்கொள்கிறேன். அவளைக் கேட்டால் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கமாட்டாள்.

பிள்ளைகள் ஒருவரும் பனை ஏறவில்லை. ஏற வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான். பெரியப்பா மும்பையில் தாராவிக்குப் போனார், எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் போன வழியில். சித்தப்பா சென்னையில் மளிகைக்கடை. யாராவது ரயிலேறுகிறார்கள் என்று தெரிந்தால் ஆச்சி ஒரு கொட்டானோடு அவர்கள் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் ஒரு சில்லுக்கருப்பட்டிப் பொட்டலம், சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டது. பிரசவித்த மருமகளுக்குத் தனியாக. யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், யாருக்குச் சுக்கு ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு நினைவில் இருந்தது. அவளுடைய ராத்திரி ஜெபத்தில் எங்கள் பெயர்கள் மூத்தவர் தொட்டு இளையவர் வரை அதே ஒழுங்கில் வரும். நடுவே ஒரு பெயரில் நின்று கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள் என்றால், அந்தப் பிள்ளை ஏதோ கஷ்டத்தில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

புகை கடைசியில் கண்ணை எடுத்தது. இரண்டு கண்ணிலும் புரை. திருநெல்வேலி அரவிந்தில் அறுவை செய்து ஓரளவு பார்வை திரும்பியது. கட்டு அவிழ்த்ததும் அவள் கேட்டது வேதாகமத்தை. பெரிய எழுத்துப் பிரதியை அப்போதுதான் வாங்கிக் கொடுத்தோம். தாத்தா போன பிறகு விடிலி விழுந்துவிட்டது, அதைத் தூக்கிக் கட்ட ஆளில்லை.

இறப்பைப் பதிவுசெய்யப் படிவம் நிரப்பும்போது அதில் இறந்தவரின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் வீட்டாரே அதில் 'இல்லை' என்று எழுதினார்கள். யாரும் வேண்டுமென்று எழுதவில்லை, கை அப்படியே எழுதிப் போய்விட்டது. தாத்தாவின் படிவத்தில் பனைத் தொழிலாளி என்று இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும், 1981 தொட்டு, வருஷத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்கிறவர் ஒரு வகை, குறைவாகச் செய்கிறவர் இன்னொரு வகை. பனை வேலை பருவ வேலை, அந்த ஆறு மாதக் கோட்டில் தட்டித் தடுமாறி நிற்பது. வீட்டுக்கு வந்து கேட்கிறவரிடம் ஆண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பனையைப் பற்றிய சுவரொட்டி, நாட்காட்டி, பத்திரிகைப் படம் எதை எடுத்தாலும் மரத்தில் ஒரு ஆண் இருக்கிறார். அவர் உயிரைப் பணயம் வைக்கிறவர். அந்தப் படம் நியாயமானது. ஆனால் மரத்திலிருந்து இறங்குவது சில மணி நேரத்தில் புளித்துப்போகும் தண்ணீர். அதை ஒரு வருஷம் தாங்குகிற பொருளாக மாற்றியது அடுப்படி. அந்த அடுப்படிக்குப் படம் இல்லை.

பனைக்காகப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் மூலம் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பா பனைவெல்லத்துக்காகப் பேசினார். பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியில்லாமல் அதை வெட்டக்கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பாற்ற வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. மரம் நின்றுவிட்டால் மட்டும் கருப்பட்டி வந்துவிடாது. ஏறுகிற ஆண் வேண்டும், காய்ச்சுகிற பெண்ணும் வேண்டும். ஏறுவதற்குக் கருவி கண்டுபிடித்திருக்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள். குமிழி உடைகிற சத்தத்தை யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

சித்திக்குப் பாதி தெரியும். ஆச்சியோடு இரண்டு மூன்று பயினிக் காலம் விடிலியில் இருந்தவள். பொங்குவது, நுரை எடுப்பது, சிரட்டையில் ஊற்றுவது எல்லாம் சொல்லுவாள். இறக்குகிற நேரத்தைக் கேட்டால், "அத அத்தைதான் பார்ப்பாங்க, என்ன நம்பி விடமாட்டாங்க" என்பாள். ஆமணக்கு முத்து போடுவதில் சித்திக்கும் பக்கத்து ஊரில் இன்னும் காய்ச்சுகிற ஒரு அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த அம்மா முத்தே போடுவதில்லை. தேங்காயைத் திருவிப் போடுகிறார். முத்து போட்டால் நிறம் மங்குமாம். ஆச்சி இருந்திருந்தால் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள், கொஞ்சம் கோபமாகவே சொல்லியிருப்பாள்.

நான் நோட்டுப் புத்தகத்தோடு அந்த அம்மாவிடம் போனேன். அவர் வெட்கப்படவில்லை, மறைக்கவும் இல்லை. பதத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "எழுதி எடுத்தா வராது தம்பி, பிள்ளைகள் யாரையாவது பங்குனியில அனுப்பு, கூட உக்காரட்டும்" என்றார். அத்தையின் பேத்தி ஒருத்தி போகிறேன் என்கிறாள். சென்னையில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெண். மாசிக் கடைசியில் ஊருக்கு வருகிறாள். தங்குவதற்குச் சித்தி வீட்டு மேல்தட்டைக் கழுவிவிடச் சொல்லியிருக்கிறோம். பரணில் ஆச்சியின் துடுப்பும் சிரட்டைச் சாக்கும் கிடக்கின்றன. தாச்சி மட்டும் அடியில் ஓட்டை, சாத்தான்குளத்தில் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறது.